நலமான மார்பகத்தை அறிந்து வைத்திருப்போம்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழா நடக்கிற நல்ல நாளில் புற்றுநோயைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கக்கூடும். அது நியாயமான நினைப்புத்தான். ஆனால் இன்று நோயைப் பற்றிக் குறைவாகவும் நோயில்லாத மார்பகத்தைப் பற்றிக் கூடுதலாகவும் பேசப்போகிறோம். மார்பகப் புற்றுநோயைத் தடுப்பதற்கும், வந்தால் வேளைக்கே பிடிப்பதற்கும், நலமான மார்பகம் எப்படி வளர்கிறது, எப்படி மாறுகிறது என்ற அறிவுதான் அடிப்படை. அந்த அறிவு எங்களிடம் மிகக் குறைவு.

நாங்கள் படித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். செவ்வரத்தம்பூவை நெடுக்காக வெட்டிப் படம் கீறினோம். கரப்பான்பூச்சியின் சமிபாட்டுத் தொகுதியைப் பிரித்து ஊசி குத்தி வைத்தோம். குப்பிவிளக்கு வெளிச்சத்தில் இதயத்தின் அறைகளையும் சிறுநீரகத்தியின் பாகங்களையும் மனப்பாடம் செய்தோம். பெண்கள் மட்டுமே படித்த பாடசாலை இது. அப்படியிருந்தும் மார்பகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதில் ஆசிரியைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் வீட்டிலும் அது பேச்சில் வராத ஓர் உறுப்பு.

அந்த மௌனத்தின் பலனை வைத்தியர்களாகிய நாங்கள் கிளினிக்கில் இரண்டு விதமாகக் காண்கிறோம். ஒருபுறம், மாதவிடாய்க்கு முன் வரும் சாதாரண நோவுக்குப் பயந்து மாதக்கணக்கில் நித்திரையில்லாமல் இருந்துவிட்டு வருகிற பிள்ளைகள். மறுபுறம், நோவில்லாத கட்டிதானே என்று ஒரு வருடம் சட்டைக்குள் மறைத்து வைத்துவிட்டு வருகிற அம்மாமார். பயப்படத் தேவையில்லாதவர் பயப்படுகிறார். உடனே வரவேண்டியவர் ஆறுதலாக வருகிறார். இருவருக்கும் தெரியாமல் போனது ஒன்றே: எது சாதாரணம் என்பது.

இலங்கையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது. உலகம் முழுவதிலும் 2022ஆம் ஆண்டில் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுக்களைத் திறந்து பார்த்தாலே போதும், இந்த எண்ணிக்கை தூரத்து எண்ணிக்கையல்ல என்பது விளங்கும்.

சரி, மார்பகத்தின் உள்ளே என்ன இருக்கிறது? ஒரு மரத்தைக் கற்பனை செய்வோம். முலைக்காம்பிலிருந்து உள்நோக்கிப் பாற்கான்கள் கிளை விட்டுப் போகின்றன. ஒவ்வொரு மார்பகத்திலும் ஏறத்தாழ 15 முதல் 20 வரையான சோணைகள் உண்டு. கிளைகளின் நுனியில் இலைக்கொத்துப் போலச் சிறுசோணைகள் இருக்கின்றன. பால் சுரப்பது அங்கேதான். இவற்றைச் சுற்றிக் கொழுப்பும் தாங்கும் இழையமும் இருக்கின்றன. கான்களின் சுவரில் இரண்டு படைக் கலங்கள் உண்டு. உட்படைக் கலங்கள் பாலுடன் தொடர்புடையவை. வெளிப்படைக் கலங்கள் சுருங்கிப் பாலை வெளியே தள்ளுபவை. பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்கள் அந்த நுனிப் பகுதியில், சிறுசோணையும் கானும் சேரும் இடத்தில் தொடங்குகின்றன. ஏன் அங்கே? எங்கள் வாழ்நாளில் அதிகம் வளர்ந்து, சுருங்கி, மீண்டும் வளர்கிற இடம் அதுதான்.

இதயமும் ஈரலும் நாம் பிறப்பதற்கு முன்பே வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. மார்பகம் அப்படியல்ல. பிறக்கும்போது அது ஒரு சிறு கான் தொகுதி மட்டுமே. எட்டு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடையில் சூலகத்திலிருந்து ஈஸ்திரோஜன் வரத் தொடங்கியதும் முலைக்காம்பின் கீழே ஒரு மொட்டுத் தோன்றும். தாய்மார் இந்த இடத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்த மொட்டுப் பல பிள்ளைகளுக்கு முதலில் ஒரு பக்கத்தில் மட்டும் வரும், கட்டி போலத் தடிப்பாக இருக்கும், தொட்டால் நோகும். மற்றப் பக்கம் சில மாதங்கள் பிந்தி வரலாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் கட்டி என்றால் தாய் பதறுவது இயல்பு. ஆனால் அது வளர்ச்சி. கட்டி என்று நினைத்து அதை வெட்டி எடுத்தால் அந்தப் பக்கத்து மார்பகம் பிறகு வளராமலே போய்விடலாம். சாதாரணத்தை அறியாமல் செய்யும் ஒரு செயல் ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் பாதிக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

பிள்ளை பெரியபிள்ளையான பின் ஒவ்வொரு மாதமும் மார்பகம் ஒரு கர்ப்பத்துக்கு ஆயத்தமாகிறது. சூல் வெளிவந்தபின் புரொஜெஸ்தரோன் கூடும். கருப்பையின் உட்படை மாதத்தின் முதற்பாதியில் வளருகிறது. மார்பகக் கலங்களோ இரண்டாம் பாதியில்தான் கூடுதலாகப் பிரிகின்றன. ஆகையால்தான் மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில் மார்பகம் பாரமாக, கட்டிகட்டியாக, நோவாக இருக்கிறது. மாதவிடாய் வந்ததும் அது தணிகிறது. மாதாமாதம் வந்து போகிற, இரண்டு பக்கமும் உள்ள நோவு பெரும்பாலும் ஓமோன்களின் வேலையே. மார்பகத்தைக் கைகளால் பார்க்க ஏற்ற நாள் மாதவிடாய் முடிந்த சில நாட்களுக்குள் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

கர்ப்பகாலத்தில்தான் மார்பகம் தன் வளர்ச்சியை முடிக்கிறது. சிறுசோணைகள் பெருகி, பால் சுரக்கும் முதிர்ந்த கலங்களாக மாறுகின்றன. பால் மறந்தபின் அவற்றிற் பல கழிந்து போகின்றன. ஆனாலும் மார்பகம் முன்பிருந்த நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. மாதவிடாய் நின்றபின் சுரப்பி இழையம் சுருங்கி, கொழுப்பு அதன் இடத்தைப் பிடிக்கிறது. ஒரே கட்டி 22 வயதில் ஓர் அர்த்தம், 35 வயதில் ஓர் அர்த்தம், 58 வயதில் வேறோர் அர்த்தம் தருவது இதனால்தான். இருபதுகளில் விரலுக்குள் அகப்படாமல் நழுவி ஓடும் உருண்டை பெரும்பாலும் நார்ச்சுரப்பிக் கட்டி, அது புற்றுநோயல்ல. நாற்பதுகளில் திடீரென்று தோன்றுவது நீர்க்கட்டியாக இருக்கலாம். மாதவிடாய் நின்றபின் புதிதாக ஒரு கட்டி வந்தால், அதை மாத மாற்றம் என்று தள்ளிவிட இடமே இல்லை. எந்த வயதிலும் புதிய கட்டியை வைத்தியருக்குக் காட்ட வேண்டும். ஆனால் 58 வயதில் ஒரு கிழமைகூடத் தாமதிக்கக் கூடாது.

இப்போது இந்த உயிரியல் எப்படித் தடுப்புக்கு வழிகாட்டியது என்று பார்ப்போம். இந்தக் கதையில் எங்கள் மாதிரிப் பாடசாலைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. இத்தாலிய வைத்தியரான பேர்னாடினோ ரமசினி, 1713இல் வெளிவந்த தமது தொழில்நோய் நூலில் ஒரு விடயத்தை எழுதினார்: கன்னிமடங்களில் வாழும் சகோதரிகளுக்கு மார்பகப் புற்றுநோய் மற்றப் பெண்களைவிடக் கூடுதலாக வருகிறது. அந்தக் காலத்தில் யாருக்கும் காரணம் தெரியவில்லை. 1926இல் இங்கிலாந்தில் ஜனற் லேன்-கிளேபன் என்ற பெண் வைத்தியர், நோயுள்ள 500 பெண்களையும் நோயில்லாத 500 பெண்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு செய்தார். பிள்ளை பெறாமை, பிந்திய திருமணம், பாலூட்டாமை ஆகியவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதை அந்த ஆய்வு காட்டியது. 1970இல் பல நாடுகளின் பெண்களை வைத்துச் செய்த ஆய்வொன்று, முதற்பிள்ளையை 18 வயதுக்கு முன் பெற்றவர்களுக்குள்ள ஆபத்து, 35 வயதுக்குப் பின் பெற்றவர்களின் ஆபத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்று கண்டது.

ஏன் அப்படி? பெரியபிள்ளையான நாளுக்கும் முதற் கர்ப்பத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் மார்பகக் கலங்கள் முதிராத நிலையில் மாதாமாதம் பிரிந்துகொண்டிருக்கின்றன. கலம் ஒவ்வொரு முறை பிரியும்போதும் டி.என்.ஏ.யைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும்போது பிழைகள் வரும், பெரும்பாலானவை திருத்தப்படும், சில தங்கிவிடும். ஹிரோசிமாவிலும் நாகசாகியிலும் 1945இல் கதிர்வீச்சுக்கு ஆளானோரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. அன்று 20 வயதுக்குக் கீழிருந்த சிறுமிகளுக்கும் பெண்களுக்கும்தான் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் ஆபத்து அதிகமாகக் கூடியது. வளரும் மார்பகம் பாதிப்பை நினைவில் வைத்திருக்கிறது. (இதைக் கேட்டுவிட்டுச் சளிக்கு எடுக்கும் ஒரு நெஞ்சு எக்ஸ்றேக்குப் பயப்பட வேண்டாம், அதிலுள்ள கதிர்வீச்சு மிகச் சிறிது.)

எங்கள் அம்மம்மாவையும் எங்கள் மகளையும் பக்கத்தில் நிறுத்தி ஒரு கணக்குப் பார்ப்போம். அம்மம்மா 15 வயதில் பெரியபிள்ளையாகி, 19இல் முதற்பிள்ளையைப் பெற்று, எட்டுப் பிள்ளைகளுக்கும் நீண்ட காலம் பால் கொடுத்து, 48இல் மாதவிடாய் நின்றவர் என்று வையுங்கள். கர்ப்பமும் பாலூட்டலுமாக ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம் கழித்தால், அவருக்கு வந்த மாதவிடாய்கள் ஏறத்தாழ 220. மகள் 12 வயதில் பெரியபிள்ளையாகிறாள், 30இல் முதற்பிள்ளை, இரண்டு பிள்ளைகள், 50இல் மாதவிடாய் நிற்கும். அவளுக்கு ஏறத்தாழ 450. முதற் கர்ப்பத்துக்கு முந்திய இடைவெளி அம்மம்மாவுக்கு நான்கு வருடம். மகளுக்குப் பதினெட்டு வருடம்.

இந்தக் கணக்கைச் சொன்னதும் ஒரு சிலர், "பார்த்தீர்களா, பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்ததால் வந்த வினை" என்று சொல்லத் தொடங்குவார்கள். அதற்கு இங்கேயே பதில் சொல்லிவிட வேண்டும். அம்மம்மாவின் காலமாகிய 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் பிரசவத்தில் இறந்தார்கள். அந்தத் தொகை இன்று பல மடங்கு குறைந்திருப்பதற்குப் பெண்கல்வியும் ஒரு பெரிய காரணம். யாரும் பழைய காலத்துக்குத் திரும்பத் தேவையில்லை. கர்ப்பமும் பாலூட்டலும் மார்பகத்தில் என்ன செய்து பாதுகாக்கின்றன என்று கண்டுபிடித்தால், அந்தப் பாதுகாப்பை வேறு வழியால் கொடுக்க முடியுமா என்று பார்க்கலாம். விஞ்ஞானம் தேடுவது அதைத்தான்.

அந்தச் சகோதரிகளையும் திருமணம் செய்யாமல் பாடசாலையே வீடாக வாழ்ந்த ஆசிரியைகளையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறோம். எங்களைப் போன்ற எத்தனையோ பாடசாலைகளை அவர்கள்தான் கட்டி எழுப்பினார்கள். அவர்கள் தெரிந்தெடுத்த வாழ்க்கைக்கு உடல் ஒரு விலை கேட்டிருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. பிள்ளை பெறாத பெண்ணுக்கு இந்நோய் வந்தால் அது அவளுடைய குற்றமும் அல்ல, யாருடைய சாபமும் அல்ல. எட்டுப் பெற்றவருக்கும் வருகிறது. நோய் வந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குப் பெண்ணாகப் பிறந்ததையும் வயதையும் தவிர வேறு குறிப்பிட்ட காரணி எதுவும் இருப்பதில்லை. பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். ஆண்களுக்கும் சிறு வீதத்தில் வருகிறது. ஆதலால் நோயாளியைப் பார்க்கப் போகும்போது "என்ன செய்தனீ?" என்று கேட்காமல் "என்ன செய்து தர வேணும்?" என்று கேட்போம்.

பாலூட்டலைப் பற்றிய சான்று மிக வலுவானது. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002இல் ஒரு பெரிய பகுப்பாய்வு வெளிவந்தது. ஒரு பெண் தன் வாழ்நாளில் பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 வீதம் குறைகிறது; ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்கும் மேலும் 7 வீதம் குறைகிறது என்று அது கண்டது. இலங்கைக்கு இதில் பெருமை உண்டு. 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். வேலைக்குப் போகும் மருமகள் பிள்ளைக்குப் பால் எடுத்து வைக்க ஒரு மூலையும் அரை மணி நேரமும் கேட்டால், அது பிள்ளையின் உணவோடு தாயின் பாதுகாப்பும்தான் என்று வீட்டிலும் அலுவலகத்திலும் எடுத்துச் சொல்வோம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பிள்ளைப்பேறு தரும் பாதுகாப்பு உடனே வருவதில்லை. பிரசவத்துக்குப் பிந்திய சில வருடங்களில் ஆபத்து சிறிது கூடி, பிறகுதான் நீண்டகாலப் பாதுகாப்பாக மாறுகிறது. பால் மறந்தபின் மார்பகம் சுருங்கும்போது உள்ளே நடப்பது காயம் ஆறுவதைப் போன்ற ஒரு நிகழ்வு என்றும், அந்தச் சூழல் ஏற்கெனவே இருக்கும் கெட்ட கலங்களுக்கு உதவக்கூடும் என்றும் ஆய்வாளர் கருதுகிறார்கள். எனவே "பால் கொடுக்கிறவளுக்குப் புற்றுநோய் வராது, அது பால்கட்டுத்தான்" என்று யாரும் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பால்கட்டு என்றால் பால் கொடுக்கக் கொடுக்கச் சில நாட்களில் குறைய வேண்டும். இரண்டு கிழமையிலும் குறையாவிட்டால் காட்ட வேண்டும்.

நலமான மார்பகத்தைப் படித்ததால் கிடைத்த மருந்துகளும் உண்டு. ஸ்கொட்லாந்தில் ஜோர்ஜ் பீற்சன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் இளமையில் ஆராய்ந்தது புற்றுநோயை அல்ல, பால் சுரப்பதை. கன்று ஈன்ற பசுவின் சூலகத்தை அகற்றினால் பால் தொடர்ந்து சுரக்கும் என்று சில நாட்டு விவசாயிகள் அறிந்திருந்தார்கள். அப்படியானால் சூலகத்துக்கும் மார்பகத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று அவர் யோசித்தார். முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள ஓர் இளம்பெண்ணின் சூலகங்களை அகற்றியபோது கட்டிகள் கரைந்தன. இதை அவர் 1896இல் எழுதினார். ஓமோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை.

அவர் திறந்த வழியில் போய்த்தான் ஈஸ்திரோஜனை ஏற்கும் வாங்கிகளைக் கண்டுபிடித்தார்கள். அந்த வாங்கிகளை மறிக்கும் தமொக்சிபென் குளிசை வந்தது. 1998இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நோய் இல்லாத ஆனால் ஆபத்துக் கூடிய 13,000க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். தமொக்சிபென் குடித்தவர்களுக்கு நோய் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. பக்கவிளைவுகள் உள்ளபடியால் இது எல்லோருக்குமான குளிசையல்ல. வைத்திய நிபுணர் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டியது. ஆனால் மார்பகப் புற்றுநோயை வருமுன் தடுக்கலாம் என்பதை அது நிரூபித்தது.

மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஓமோன் குளிசைகளிலும் இதே பாடம் உண்டு. ஈஸ்திரோஜனோடு புரொஜெஸ்தரோன் வகை மருந்தும் சேர்ந்த குளிசையை 16,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் சோதித்த ஆய்வு 2002இல் இடையில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் கூடியது ஒரு முக்கிய காரணம். கருப்பை அகற்றப்பட்ட பெண்களுக்கு ஈஸ்திரோஜன் மட்டும் கொடுத்த ஆய்வில் அப்படிக் கூடவில்லை. மாதத்தின் இரண்டாம் பாதியில்தான் மார்பகக் கலங்கள் பிரிகின்றன என்று முன்பு சொன்னோமே, அதை இதனோடு வைத்துப் பாருங்கள். வெளிநாட்டிலுள்ள அக்காமார் இந்தக் குளிசைகளை எடுப்பதானால், பயந்து நிறுத்தாமல், எந்த வகை, எத்தனை வருடம் என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

தேடல் இன்னும் தொடர்கிறது. புரொஜெஸ்தரோன் வந்ததும் மார்பகக் கலங்களுக்குள் "பிரி" என்று செய்தி கொண்டுபோகும் ஒரு பதார்த்தத்தை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் உட்படப் பலர் ஆராய்ந்தார்கள். அதே பதார்த்தத்தை மறிக்கும் மருந்தொன்று எலும்புத் தேய்வுக்கு ஏற்கெனவே பாவனையில் இருக்கிறது. பிஆர்சிஏ-1 என்ற பரம்பரை அலகு மாற்றமுள்ள பெண்களுக்கு அது உதவுமா என்று சோதிக்கப் பல நாடுகள் ஒன்றுசேர்ந்தன. அமெரிக்காவின் இந்தியானாவில் 2007 முதல் ஓர் இழைய வங்கி இயங்குகிறது. அங்கே நோயில்லாத பெண்கள் தாமாகவே வந்து தம் மார்பகத்திலிருந்து சிறு துண்டொன்றைத் தானமாகக் கொடுக்கிறார்கள். நோயுற்ற இழையம் ஆய்வாளருக்கு இலகுவில் கிடைக்கும். ஒப்பிடுவதற்கு நலமான இழையம்தான் கிடைப்பது அரிது. 2023இல் 126 பெண்களின் நலமான மார்பக இழையத்திலிருந்து ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட கலங்களைத் தனித்தனியே ஆராய்ந்து, அவற்றைப் பன்னிரண்டு முக்கிய வகைகளாகப் பிரித்து ஒரு வரைபடம் வெளியிட்டார்கள்.

இனி, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய விடயங்கள்.

முதலாவது, உங்கள் சாதாரணத்தை நீங்களே அறிந்திருங்கள். சீனாவின் சங்காயில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், சுயபரிசோதனையைச் சடங்கு போலப் பழக்கியதால் மட்டும் இறப்புக் குறையவில்லை என்று 2002இல் தெரியவந்தது. ஆகவே பயந்து பயந்து புற்றுநோயைத் தேட வேண்டியதில்லை. குளிக்கும்போதும் கண்ணாடி முன் நிற்கும்போதும் உங்கள் மார்பகம் வழமையாக எப்படி இருக்கும் என்று கைக்கும் கண்ணுக்கும் பழக்குங்கள். அப்போதுதான் மாற்றம் தெரியும். மாற்றம் என்றால்: மார்பகத்திலோ கக்கத்திலோ புதிய கட்டி, அது நோகாவிட்டாலும், தோல் உட்குழிதல் அல்லது தோடந்தோல் போலாதல், முன்பு வெளியே இருந்த காம்பு புதிதாக உள்வாங்குதல், காம்பில் ஒரு பக்கத்தில் மட்டும் ஆறாத புண் அல்லது செதில், இரத்தம் கலந்த நீர் வருதல், தணியாத சிவப்பும் வீக்கமும். இவற்றில் ஒன்று தெரிந்தால் எண்ணெய் பூசிப் பார்ப்பதோ நல்லநாள் பார்ப்பதோ வேண்டாம். பெரும்பாலும் அது புற்றுநோயாக இருக்காது. இருந்தாலும் வேளைக்கு வந்தால் சுகமாக்கக்கூடியது.

இரண்டாவது, கிடைக்கும் சேவையைப் பாவியுங்கள். இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 35 வயதானவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளைச் சொல்வார்கள். மார்பகப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் இலவசம். பரிசோதிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்; வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐக்கிய இராச்சியத்தில் 50 முதல் 71 வயது வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மமோகிராமுக்குக் கடிதம் வரும். அவுஸ்திரேலியாவில் 50 முதல் 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அழைப்பார்கள். 40 வயதிலிருந்து கேட்டுப் பெறலாம். ஒன்ராறியோவிலும் 2024 முதல் 40 வயதானவர்கள் தாமாகவே பதிவு செய்யலாம். அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு மறந்து போகாதீர்கள். இளவயதில் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் மமோகிராம் படத்தில் சுரப்பியும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அதனால்தான் இளையவர்களுக்கு ஸ்கான் முதலில் செய்கிறோம். அடர்த்தியான மார்பகம் என்று அறிக்கையில் எழுதியிருந்தால், அதன் பொருளைக் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள். அதுவும் ஓர் ஆபத்துக் காரணிதான்.

மூன்றாவது, எங்கள் கையிலுள்ளதைச் செய்வோம். மாதவிடாய் நின்றபின் சூலகம் ஓய்வெடுக்கிறது. அதன்பின் ஈஸ்திரோஜனை ஆக்குவது பெரும்பாலும் கொழுப்பு இழையம். அந்த வயதில் கூடும் நிறை ஆபத்தைக் கூட்டுவது அதனால்தான். நடப்போம், சோற்றுக் கோப்பையைச் சிறிதாக்குவோம். மதுபானமும் மார்பகப் புற்றுநோய்க் காரணிகளில் ஒன்று என்பதை வெளிநாட்டில் வளரும் எங்கள் மகள்மாருக்குச் சொல்லுவோம்.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் கட்டுகிறோம், புலமைப்பரிசில் கொடுக்கிறோம், மிக நல்லது. அவற்றோடு, ஒவ்வொரு வருடமும் தரம் ஒன்பது மாணவிகளுக்கும் அவர்களுடைய அம்மாமாருக்கும் சேர்த்து ஒரு மணி நேர வகுப்பு நடத்துவோம். மொட்டு ஒரு பக்கத்தில் முதலில் வரலாம், மாதவிடாய்க்கு முன் நோகலாம், ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கலாம், இவையெல்லாம் சாதாரணம் என்று அவர்கள் 14 வயதிலேயே கேட்கட்டும். படத்தைக் கரும்பலகையில் கீறிக் காட்டப் பழைய மாணவிகளாகிய வைத்தியர்களும் தாதியரும் எங்களிடையே போதிய அளவு இருக்கிறார்கள். முதல் வகுப்பை வருகிற தவணையிலேயே தொடங்க எங்களிற் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். நாளை மட்டும் அதிபர் அவர்கள் குறித்துத் தர வேண்டும்.